யாருக்குப் பந்தோபஸ்து?

ஆலைக் கேட்டில் நிற்கும் காவல் யாருக்காக என்பதைத் தொழிலாளி அறிவான். கடல் நடுவிலும் அதே கதைதான்.

இந்து மகாசமுத்திரத்தில் உள்ள டீகோ கார்சியா, 1965இல் மொரீஷியஸிலிருந்து பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் பிய்த்தெடுத்து, அமெரிக்க ராணுவ தளத்துக்குக் கொடுத்த தீவு. அங்கே தென்னந்தோப்புகளில் பாடுபட்ட மக்களை 1973க்குள் கப்பலேற்றித் துரத்தினார்கள்.

2021 அக்டோபரில், நடுக்கடலில் தத்தளித்த மீன்பிடிப் படகிலிருந்து 89 இலங்கைத் தமிழர்கள் அத்தீவில் கரையேற்றப்பட்டனர். தஞ்சம் கேட்டவர்களைக் குழந்தைகளோடு வேலிக்குள், கூடாரங்களில் அடைத்தார்கள். காவலுக்கு ஜி4எஸ் என்ற தனியார் கம்பெனி! இப்படியே மூன்றாண்டு.

2024 ஜூலையில் நீதிபதி தீவுக்கே சென்று விசாரிக்கவிருந்தார். தளத்தின் பந்தோபஸ்தைக் காரணம் காட்டி அமெரிக்கா தடுத்தது. நீதிபதி வருவதால் ராணுவ தளத்துக்கு என்ன ஆபத்து? உண்மை வெளிவரும் என்ற ஆபத்துதான்!

செப்டம்பரில்தான் விசாரணை அங்கே நடந்தது. டிசம்பரில், இது சட்டவிரோதச் சிறைவைப்பே என்று தீர்ப்பு வந்தது. அதே மாதம் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

தோழர்களே! மண்ணின் மக்களை விரட்டி, தஞ்சம் கேட்டவர்களைப் பூட்டி, நீதிபதியையும் மறிக்கும் பந்தோபஸ்து மக்களுக்கானதல்ல. அந்நிய ராணுவ தளங்கள் அகல வேண்டும். துரத்தப்பட்டவர்கள் தம் மண்ணுக்குத் திரும்ப வேண்டும்!