தீராத வலிக்கு ஒரு மாலை வகுப்பு!

கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். காய்ச்சல் வந்தால் மருந்து சாப்பிடுகிறோம். நாளடைவில் குணமாகி விடுகிறது.

ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாமல் வாட்டும் இடுப்பு வலிக்கும், முழங்கால் வலிக்கும் என்ன செய்வது?

3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை "நாள்பட்ட வலி" என்கிறார்கள் டாக்டர்கள். அதனால் அவதிப்படுகிறவர்கள் நம் வீடுகளில் ஏராளம். வலியைவிடக் கொடுமை, அவர்கள் காதில் விழும் பேச்சு.

"எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாமே! வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்."

இது பெருந்தவறு. எக்ஸ்ரேயில் தெரியாத வலியும் வலிதான். புண் ஆறிய பிறகும், நரம்புகளும் மூளையும் வலி உணர்ச்சியை எழுப்பிக்கொண்டே இருப்பது உண்டு. அது நடிப்பு அல்ல.

மாத்திரையும் படுக்கையும்

பேச்சுக்குப் பயந்து பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். டாக்டரைக் கேட்காமலே மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். வலி மாத்திரையை இப்படி நாள்தோறும் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரலாம்; சிறுநீரகம் கெடலாம்.

வேறு சிலர் படுத்தே விடுகிறார்கள். நடமாட்டம் குறைந்தால் தசை வலுவிழக்கும். பிறகு சிறு வேலைக்கும் வலி எடுக்கும்.

கனடாவில் நடந்தது

கனடா நாட்டின் கிழக்குக் கோடியில் நியூபவுண்ட்லாந்து என்ற தீவு இருக்கிறது. அங்கே சாண்ட்ரா லெபோர்ட் என்ற நர்சிங் பேராசிரியை, வலியோடு வாழ்கிறவர்களுக்காக ஒரு வகுப்பு ஏற்படுத்தினார். வாரம் ஒரு நாள், 2 மணி நேரம். மொத்தம் 6 வாரம்.

110 பேரைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். 1998-ல் முடிவு வெளிவந்தது. வகுப்புக்கு வந்தவர்களுக்கு, வராமல் காத்திருந்தவர்களைவிட வலி குறைந்திருந்தது. பிறரை அண்டியிருப்பதும் குறைந்திருந்தது. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை வளர்ந்திருந்தது.

என்ன பாடம்?

வேலையைப் பங்கிட்டுச் செய்வது முதல் பாடம். 10 குடம் தண்ணீரையும் ஒரே மூச்சில் சுமக்காதீர்கள். 2 குடம் எடுங்கள், சற்று உட்காருங்கள், பிறகு எழுந்திருங்கள்.

அடுத்தது வாரத் திட்டம். "நடப்பேன்" என்றால் போதாது. எவ்வளவு தூரம்? எந்த நேரம்? வாரத்தில் எத்தனை நாள்? முடிப்பேன் என்ற நம்பிக்கைக்குத் தாமே 10-க்கு மார்க் போட வேண்டும். 7-க்குக் குறைந்தால் திட்டத்தைச் சுருக்க வேண்டும். மறு வாரம் நடந்ததை எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

இவ்வகை வகுப்புகள் பலவற்றில் பாடம் நடத்துபவர் டாக்டர் அல்ல. தாமும் நோயோடு வாழ்ந்து, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே!

நம்மால் முடியாதா?

ஏன் முடியாது? 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியதே! ஊர்த் தொண்டர்களே ஊராருக்கு எழுத்தறிவித்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள்.

2021-ல் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. உடற்பயிற்சி சிகிச்சை வீடு தேடி வந்தது. நல்ல காரியம். ஆனால் வீட்டில் தனியே பெறும் சிகிச்சையோடு, பத்துப் பேர் கூடிப் பேசும் வகுப்பும் வேண்டும்.

அதற்குப் பெரிய கட்டிடம் வேண்டாம். மாலையில் பள்ளிக்கூடத்து அறை ஒன்று போதும். நோயாளியோடு வீட்டார் ஒருவரும் வர வேண்டும். "நடிக்கிறாள்" என்று சொன்னவர் வந்து கேட்டால் மிகவும் நல்லது!

ஒன்றை மறக்கக்கூடாது. வகுப்பு, டாக்டருக்கு மாற்று அல்ல. வலியோடு கால் மரத்து வலுவிழந்தாலும், சிறுநீர் அடங்காமல் போனாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வகுப்பினால் வலி அடியோடு மறைந்துவிடாது. ஆனால் வலியோடு இருப்பவர் எழுந்து நடப்பார். தம் வேலையைத் தாமே பார்ப்பார். ஊராட்சிகள் இதை எடுத்துச் செய்யட்டும். அதுவரை நாம் ஒன்று செய்யலாம்: "வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால், முதலில் அதை நம்புவோம்!