"கெணத்துக்குள்ள இருந்து பேசறீங்களா?"

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவன்)



எங்கள் வீடு ஈரோடு வீரப்பன்சத்திரத்தில். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். என் அக்கா அந்த வீட்டிலிருந்தபடியே ஒரு கால் சென்டருக்கு வேலை பார்க்கிறாள். போன மாதம் போனில் ஒரு பெரியவர், "ஏனுங்க அம்மிணி, கெணத்துக்குள்ள இருந்து பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் 'பேச்சில் தெளிவில்லை' என்று மார்க்கைக் குறைத்து, ஊக்கத்தொகையிலும் கை வைத்துவிட்டார்கள். நேரில் பேசினால் அவள் குரல் கணீரென்று இருக்கும். நான் படித்த படிப்பை வைத்துச் சொல்கிறேன்: தப்பு அவள் தொண்டையில் இல்லீங்க, குரல் போகிற பாதையில்!

2020 மார்ச் ஊரடங்கில் கால் சென்டர்கள் வீட்டுக்கு வந்தன. அதே வருடம் நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்தியது. வாடிக்கையாளரின் விவரம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தங்கக்கூடாது அல்லவா? அதற்குத்தான் பல கம்பெனிகளில் வர்ச்சுவல் டெஸ்க்டாப். கம்ப்யூட்டர் எங்கோ டேட்டா சென்டரில் ஓடும். வீட்டுத் திரையில் அதன் படம் மட்டும் தெரியும். நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் போன் பேசும் சாஃப்ட்வேரையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன ஆகிறது பாருங்கள். வாடிக்கையாளர் குரல் முதலில் டேட்டா சென்டர் கம்ப்யூட்டருக்குப் போய் இறங்குகிறது. அங்கே அதை மறுபடி சுருக்கி, திரைப் படத்தோடு சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அக்கா பேசுவதும் அதே சுற்றில்தான் திரும்பிப் போகிறது. ஈரோட்டிலிருந்து பவானி போக, சேலம் போய்ச் சுற்றி வருகிற கதை!

நாம் பாடத்தில் படித்ததுதான். பழைய போன் முறைப்படி குரல் நொடிக்கு 8000 தடவை அளக்கப்படுகிறது, ஒவ்வொன்றும் 8 பிட், ஆக நொடிக்கு 64,000 பிட். வழக்கமாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50 பாக்கெட். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். கண்ணாடி இழையில் ஒளி 1000 கிலோமீட்டரை சுமார் 5 மில்லி செகண்டில் தாண்டிவிடும். அப்புறம் தாமதம் எங்கே வருகிறது? இரண்டு தடவை சுருக்கி விரிப்பதிலும், இரண்டு இடத்தில் பாக்கெட்டுக்காகக் காத்திருப்பதிலும்தான். திரைப் படம் டிசிபி வழியில் வந்தால் இன்னும் மோசம். ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அது திரும்ப வரும்வரை பின்னால் வருவதெல்லாம் நிற்கும். மஞ்சள் மூட்டை குடோனில் வருடக்கணக்கில் கிடக்கும், பால் கிடக்குமா? படம் மஞ்சள், குரல் பால். இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றலாமா?

வழி இல்லாமல் இல்லை. விவரமெல்லாம் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பிலேயே இருக்கட்டும். குரல் மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நேரே போன் சர்வருக்குப் போகட்டும். சிட்ரிக்ஸ் டெஸ்க்டாப்பில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு இந்த வசதி இருக்கிறது. அமேசான் கனெக்ட்டிலும் இருக்கிறது. "பாதுகாப்பு போய்விடுமே" என்பார்கள். வெப்ஆர்டிசி முறையில் குரல் பூட்டித்தான் போகிறது. பேச்சைப் பதிவு செய்வதும் சர்வர் பக்கமே நடக்கலாம். உண்மையான தடை வேறு: வீட்டுக் கம்ப்யூட்டரில் துணை சாஃப்ட்வேர் போட வேண்டும், ஃபயர்வாலில் வழி திறக்க வேண்டும், பழைய மெஷின் தாங்காது. செலவு என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. வைஃபைக்குப் பதில் கேபிள், ப்ளூடூத்துக்குப் பதில் யுஎஸ்பி ஹெட்செட். தறிச் சத்தத்தை மைக் பக்கத்திலேயே வடிகட்ட வேண்டும். சுருக்கிய பிறகு வடிகட்டினால் பேச்சும் சேர்ந்து போய்விடும்.

என் கோபமெல்லாம் அந்த மார்க்கைப் பற்றித்தான். எத்தனை பாக்கெட் தொலைந்தது, எவ்வளவு தாமதம் என்று ஒவ்வொரு அழைப்புக்கும் கணக்கெடுக்க கருவியிலேயே வழி இருக்கிறது. அதை டேட்டா சென்டர் வரைக்கும் மட்டும் எடுத்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். கடைசி ஹெட்செட் வரை எடுக்க வேண்டும். அந்தக் கணக்கை மார்க் ஷீட்டில் பேசியவர் பெயருக்குப் பக்கத்தில் போடட்டும். அதைப் பார்க்காமல் 'தெளிவில்லை' என்று எழுதுவது, உடைந்த ஸ்கேலால் அளந்துவிட்டு வேலைப்பாடு சரியில்லை என்று ஒர்க் ஷாப்பில் மார்க் குறைப்பதற்குச் சமம். நம்மில் பலர் நாளைக்கு இதே நெட்வொர்க் வேலைக்குத்தான் போகப் போகிறோம். அளவுகோல் நம் கையிலும் வரும்.

அக்கா 20 மீட்டர் கேபிள் வாங்கி மாட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தேவலை, ஆனால் கிணறு போகவில்லை. கம்பெனியில் எழுதிக் கேட்டதற்கு, நேர்வழிக் குரலை முதலில் பத்துப் பேருக்கு மட்டும் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பத்தில் அக்கா பெயர் இல்லை.