விண்கலம் வாங்கக் காசில்லை!

போன வருடம் எங்கள் துறை விழாவுக்கு ஒரு குறும்படம் எடுப்பதென்று ஏழு பேர் கூடினோம். அறிவியல் கதைதான் என்று ஏகமனதாகத் தீர்மானம். இரண்டாவது டீ வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. "கிராபிக்ஸுக்கு எங்கேடா போறது?" என்று ஒருவன் கேட்டான், அவ்வளவுதான். கடைசியில் வழக்கம்போல ஒரு காதல் தோல்விக் கதை எடுத்தோம். (பார்த்தவர்கள் மன்னிக்கவும்.)

அன்றிலிருந்து எனக்குள் ஓர் உறுத்தல். அறிவியல் படமென்றால் விண்கலமும் வெடிச் சத்தமும் வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது?

1963-ல் வந்த 'கலை அரசி'யைப் பாருங்கள். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. மனிதன் நிலாவில் கால் வைக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வருகிறார்கள். எதற்கு? தங்கத்துக்கல்ல, தண்ணீருக்கல்ல... அவர்கள் கிரகத்தில் கலை வளரவில்லையாம், சொல்லிக் கொடுக்க ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்! செட்டைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரும். அந்த யோசனையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது 'எந்திரன்' (2010). ரஜினி ரசிகர்கள் அடிக்க வராதீர்கள், நானும் உங்க கட்சிதான். அந்தப் படத்தில் எல்லோரும் பேசுவது கடைசியில் வருகிற ரோபோ பாம்பைப் பற்றி. எனக்கு மறக்காமல் இருப்பது தீ விபத்துக் காட்சி. கட்டடம் எரிகிறது. சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வந்து காப்பாற்றுகிறது. குளித்துக் கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்திவிடுகிறது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி, லாரியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்றச் சொன்னார்கள், காப்பாற்றியது. மானம் என்று ஒன்று இருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

சி.என்.சி. மெஷின் முன்னால் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். புரோகிராமில் ஒரு மைனஸ் குறி தவறான இடத்தில் விழுந்தால் டூல் நேராகப் போய் சக்கில் மோதலாம். மெஷினுக்கு நம் மேல் கோபம் ஒன்றுமில்லை, சொன்னதைச் செய்தது. அந்த ஒரு காட்சிக்குள் முழுப் படமே இருக்கிறது. ஆனால் பின்பாதியில் சிவப்பு சிப்பைச் செருகியதும் அது சாதாரண சினிமா வில்லனாகிவிடுகிறது. பொல்லாத மெஷினைவிட, சொன்னபடி கேட்கிற மெஷின்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

'இன்று நேற்று நாளை' (2015) எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. கையில் கால இயந்திரம் கிடைத்ததும் நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பின்னால் போய்த் தொலைந்த பொருள் எங்கே என்று பார்த்து வந்து, ஜோசியக் கடை போட்டுவிடுகிறார்கள்! நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்போம்?

கால இயந்திரத்தில் என் தலைவன் 'பிரைமர்' (2004). ஷேன் கர்ரூத் என்ற அமெரிக்கர், கணிதம் படித்து மென்பொருள் வேலை பார்த்தவர், எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்தார். செலவு சுமார் 7,000 டாலர்தான். ஒளியுமில்லை, புகையுமில்லை, ஒரு பெட்டி. ஒரே விதி: ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமா, ஆறு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள் கிடக்க வேண்டும். மெஷினை ஆன் செய்த நேரத்துக்கு முன்னால் போகவே முடியாது. இந்த விதியைப் படம் கடைசிவரை மீறுவதில்லை. மூன்று தடவை பார்த்தும் எனக்கு முழுசாகப் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

அதையும் விடுங்கள். பிரான்சில் கிறிஸ் மார்க்கர் 1962-ல் எடுத்த 'லா ஜெத்தே' 28 நிமிடம். கிட்டத்தட்ட முழுக்க அசையாத புகைப்படங்கள்தான், பின்னால் ஒரு குரல் கதை சொல்கிறது. ஒரே ஓர் இடத்தில் ஒரு பெண் கண்ணைத் திறந்து இமைக்கிறாள், படம் அசைகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணிமைக்கு இத்தனை மதிப்பா!

இப்படித் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு படம் எடுப்பது நமக்கும் புதிதல்ல. எஸ். பாலசந்தர் 1954-லேயே பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தார். கமல் நடித்து 1987-ல் வந்த 'பேசும் படம்' வசனமே இல்லாதது. இரண்டிலும் எதுவோ குறைகிறது என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

ஆக, ஏழு பேரையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். ஒர்க்ஷாப் பின்பக்கம் கதவு சரியாகச் சாத்தாத ஓர் இரும்பு பீரோ சும்மா கிடக்கிறது. காமிரா செல்போனிலேயே இருக்கிறது. விதியும் எழுதியாகிவிட்டது. பீரோவுக்குள் உட்கார ஓர் ஆள்தான் பாக்கி. காற்றுக்கு ஓட்டை போட்டுத் தருகிறோம், டீ செலவும் எங்களுடையது. ஒல்லியானவர்கள் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து பெயர் கொடுக்கலாம்.