சீமாட்டியின் பாதையும் குடிகளின் முதுகும்

கண்டித் தலதா மாளிகையின் பின்னே குன்றேறி நிற்கிறது உடவத்தகெலே வனம். ஏறத்தாழ 104 ஹெக்டேர் நிலம். கீழே ஏரி, மேலே மரமும் குரங்கும் பறவையும். மன்னர் காலத்தில் குடிகள் நுழையக்கூடாத காடு, 1856இல் அரசின் ஒதுக்குக் காடு, 1938இல் சரணாலயம். இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் உலாவலாம். நல்லதே. ஆனால் அங்குள்ள நடைபாதைகளின் பெயர்கள் எவருடையவை? ஹோட்டன் சீமாட்டி, டொரிங்டன் சீமாட்டி, கோர்டன் சீமாட்டி. யாவரும் தேசாதிபதிகளின் மனைவியர்!

“காற்று வாங்க வந்தவனுக்கு வரலாறு எதற்கு?” என்பர் சிலர். சொல்வோம்.

ஹோட்டன் தேசாதிபதியாயிருந்த 1832இல், கட்டாய ஊழியமான இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. பதினாறே ஆண்டுகளில் டொரிங்டன் ஆட்சி அதற்குப் புது வேடமிட்டது. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழை, இன்றேல் மூன்று சிலிங் கட்டு என்றது 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம். எவருக்காகத் தெரு? கோப்பித் தோட்டத் துரைமாரின் மூட்டைகள் துறைமுகம் சேர்வதற்காக! துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. மாத்தளையிலும் குருநாகலிலும் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் பாய்ந்தது. 1848 ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1850இல் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார். அவர் மனைவியின் பெயரோ நிழற்பாதையில் நிலைத்துவிட்டது.

அதை நீக்கி மன்னர் பெயர் சூட்டுவோம் என்போரும் உளர். கீழே தெரியும் ஏரியை வெட்டுவித்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். வெட்டியவை குடிகளின் கைகள். அதுவும் கட்டாய ஊழியமே. ஒரு முடியை இறக்கி மறு முடியை ஏற்றுவது விடுதலை ஆகாது.

இவ்வனம் ஒதுக்கப்பட்டதனால் பிழைத்தது. சுற்றியுள்ள மலைகளோ, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் மொட்டையடிக்கப்பட்டன. அங்கே உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் சந்ததியில் பெரும்பகுதி 1948இல் குடியுரிமையையே இழந்தது. 2003ஆம் ஆண்டிலும் அதற்கெனச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. காட்டை அழித்தவன் தோட்டத் தொழிலாளி என்று பழிசொல்வோர், அவன் கையில் கோடரியைக் கொடுத்தவர் எவரெனக் கேட்பதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! மரங்களைக் காப்போம். மரத்தைக் காக்கும் பெயரால் மறதியைக் காக்கவேண்டாம். பழைய பெயரைச் சுரண்டி எறியவேண்டியதில்லை. அதன் அடியில் 1848இன் கதையைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிவைக்கக் கோருவோம். அதுவரையில், மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரே அந்தப் பலகையாக நிற்கட்டும்.