ஓடும் வண்டியும் நில்லா ஓவியமும்

சரக்குப் புகையிரதத்தைப் படம்பிடிப்பதற்கென்றே கமராவைத் தோளில் மாட்டிப் புறப்படுவோர் உலகில் உண்டென்றால், நம் வீட்டுப் பெரியோர் நகைப்பர். பிரயாணிகள் வண்டியிலாவது மனித முகங்கள் உண்டு. கரியும் மரமும் ஏற்றிய பெட்டிகளில் என்ன அழகு இருக்கிறது என்பர். அமெரிக்காவிலே, வேர்ஜினியா மாநிலத்து ரோனோக் நகரில் இக்கேள்விக்கு விடை உண்டு.

ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் வாழும் சிறுநகர் அது. விலங்குகள் உப்புத்தரையை நக்க வந்த இடமாதலால் ‘பிக் லிக்’ என்றே முன்பு பெயர் பெற்றிருந்தது. 1882 இல் இரண்டு இருப்புப்பாதைகள் அங்கே சந்திக்கவே, பெயரும் மாறிற்று, ஊரும் நகராயிற்று. நோர்பொக் அன்ட் வெஸ்டேர்ண் கம்பனி தன் எஞ்சின்களை அங்கேயே கட்டியது. ஏனைய கம்பனிகள் டீசலுக்கு மாறிய பின்னரும் அது நீராவியை விடவில்லை. காரணம் எளிது: அதன் பிழைப்பே நிலக்கரியை ஏற்றிச் செல்வதுதான்.

1955 சனவரியில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்னும் படப்பிடிப்பாளர் வேறொரு தொழில் நிமித்தம் அப்பகுதிக்கு வந்தார். அவர் நியூ யோர்க்கில் விளம்பரப் படங்கள் எடுப்பவர், பொறியியல் கற்றவர். நீராவியின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்பதைக் கண்டுகொண்ட அவர், கம்பனியின் அனுமதியைப் பெற்று, தம் கைப்பணத்தைச் செலவிட்டு, 1960 வரை மீண்டும் மீண்டும் வந்தார். சூரியனை வேண்டிய இடத்திலே நிறுத்த இயலாது. ஆகவே இரவைத் தெரிந்தெடுத்தார். ஒருமுறை பளிச்சிட்டதும் கருகிவிடும் மின்குமிழ்களைப் பாதையோரமெங்கும் நாட்டி, கம்பிகளால் இணைத்து, வண்டி குறித்த இடத்துக்கு வரும் கணத்திலே அனைத்தையும் ஒருங்கே ஒளிரச் செய்தார். கம்பியொன்று தளர்ந்திருந்தால் நாள் முழுதும் பட்ட பாடு வீண். கரிய இரவிலே வெண்மேகமாய் எழும் நீராவியை அவர் படங்களில் காண்போர் இப்பாடு வீண்போகவில்லை என்பர்.

அவற்றுட் புகழ்பெற்றது 1956 இல் மேற்கு வேர்ஜினியாவின் யேகர் என்ற ஊரில் எடுத்தது. மோட்டார்களில் இருந்தபடியே மக்கள் திறந்தவெளிச் சினிமா பார்க்கிறார்கள்; திரையிலே ஆகாயவிமானம்; பின்னாலே சரக்கு வண்டி பாய்கிறது. 40 இற்கும் மேற்பட்ட குமிழ்களின் ஒளியிலே திரை வெளுத்துப்போனபடியால், விமானத்தை வேறு படச்சுருளிலிருந்து பின்னர் சேர்த்தார். முன்னாலுள்ள மோட்டார் அவருடையது. அதில் இருப்போரும் அவர் அமர்த்தியவரே. இது உண்மைப் படமாகுமா என்று மாணவர் வினவலாம். வண்டி உண்மை, இரவு உண்மை, சினிமாக் கொட்டகை உண்மை என்பதே எனக்குப் போதும்.

நம் நாட்டிலும் அக்காலத்திலேதான், 1954 தொடக்கம், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் தம் மாகாணப் பெயர்களைத் தாங்கி ஓடத் தொடங்கின. பழைய கரி எஞ்சினின் படம் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் கிடந்தால் அதை எறிந்துவிடாதிருப்பாராக.

லிங்க் 2001 இல் மறைந்தார். ரோனோக்கின் பழைய பிரயாணிகள் நிலையத்தில் 2004 இல் அவர் படங்களுக்கென ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. 1950 இல் அந்நகரிலேயே கட்டப்பட்ட 611 ஆம் இலக்க நீராவி எஞ்சினும் அழியாது காக்கப்பட்டுள்ளது. தண்டவாளங்களுக்கு மேலே பொதுமக்கள் நடக்கும் பாலமொன்றும் உண்டு. படமெடுப்போர் அங்கிருந்தே எடுக்கலாம். (பாதைக்குள் இறங்குதல் அங்கே குற்றம், எங்கேயும் ஆபத்து.)

இன்று கீழே செல்லும் பெட்டிகளின் பக்கங்களிலே இருவகைக் கிறுக்கல்களைக் காணலாம். ஒன்று, வர்ணத்தைப் பீச்சிப் பெட்டியளவு பெரிதாக எழுதிய பெயர். சொத்துடையவன் இதைச் சேதம் என்பான். அவன் கூற்றை மறுக்க என்னால் இயலாது. ஆயினும் இவர்களுக்குள்ளும் ஓர் ஒழுங்குண்டு: அனுபவசாலி பெட்டியின் இலக்கத்தை மூடுவதில்லை. மூடினால் கம்பனி அதை மீண்டும் எழுதவேண்டி, ஓவியத்தின் மீதே வர்ணம் பூசும்.

மற்றையது பழையது, சிறியது. நாடோடிகளும் புகையிரத ஊழியரும் வெண்கட்டியாலோ எண்ணெய்க் கட்டியாலோ நொடியிலே கீறிய குறிகள். ஆர்க்கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூரான கேர்டனில், பஸ் பிளர் என்ற புனைபெயர் கொண்ட ஊழியர் ஒருவர் 1971 முதல், குழாய் புகைக்கும் தொப்பிக்கார மாட்டிடையன் ஒருவனை எண்ணற்ற பெட்டிகளில் கீறி, கீழே ஒவ்வொருமுறையும் வெவ்வேறு சொற்றொடர் எழுதி அனுப்பினார். விலாசமில்லாத கடிதம், எவர் கண்டாலும் அவருக்கே உரியது.

ஐம்பது ஆண்டு கடந்த சரக்குப் பெட்டியைத் தனி அனுமதியின்றி வழமையான சேவையில் ஓட்டலாகாது என்பது அந்நாட்டு விதி. 1970 களில் தண்டவாளத்துக்கு வந்த பெட்டிகள் இப்போது உடைப்புக் களங்களுக்குப் போகின்றன. தொப்பிக்காரனும் அவற்றோடு போகிறான். பாலத்தின் மீது நிற்போர் படத்தை எடுத்தவுடன் பெட்டியின் இலக்கத்தையும் தேதியையும் குறித்துக்கொள்வது அதனாலேதான்.