எருமை இறைச்சி ஏற்றுமதியும் கல்வராயன் மலைத் தடுப்பூசிச் சுற்றும்

உலக மாட்டிறைச்சி வணிகக் கணக்குகளில் இந்தியாவின் பெயரில் பதிவாவது எருமை இறைச்சியே. பசு, காளை, எருது, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்ய நாட்டின் வெளிநாட்டு வணிகக் கொள்கை தடை விதித்திருப்பதோடு, எருமை இறைச்சியையும் எலும்பு நீக்கிய பிறகே அனுப்ப வேண்டும் என்று வரையறுத்துள்ளது. இந்த எல்லைக்குள் நின்றபடியே பிரேசில், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளோடு முன்வரிசையில் இடம்பெற்றிருப்பது எளிய செய்தியன்று. ஆனால் அளவையும் வருவாயையும் சேர்த்து நோக்கினால் வேறொரு நிலை தெரிகிறது. 2014-15இல் ஏறத்தாழ 14.76 லட்சம் டன் இறைச்சி ஏறத்தாழ 478 கோடி டாலர் ஈட்டித் தந்தது. 2023-24இல் ஏறத்தாழ 12.95 லட்சம் டன், ஏறத்தாழ 374 கோடி டாலர். டன்னுக்கு இவ்வளவு என்று வகுத்தால், முதல் ஆண்டில் சுமார் 3,240 டாலரும் ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சுமார் 2,890 டாலரும் கிடைத்துள்ளன. உலகெங்கும் மாட்டிறைச்சி விலை ஏறியிருக்கும் காலத்தில் இந்திய இறைச்சியின் விலை மட்டும் இறங்கியிருப்பதற்குக் காரணம் கண்டாக வேண்டும்.

எருமை இறைச்சியின் தரம் அதற்குக் காரணமாகாது. கோமாரி நோய் நிலவும் நாட்டின் இறைச்சியை உயர்ந்த விலை தரும் ஜப்பான், தென்கொரியா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா போன்ற சந்தைகள் ஏற்பதில்லை. எனவே வியட்நாம், மலேசியா, எகிப்து, இந்தோனேசியா, வளைகுடா நாடுகள் என விலையைப் பார்த்து வாங்கும் சந்தைகளுக்குள்ளேயே இந்த வணிகம் சுழல்கிறது. அந்தச் சந்தைகள் நோய் நிலவும் நாட்டிலிருந்து வாங்கத் துணிவதும் ஒரு தொழில்நுட்ப ஏற்பாட்டை நம்பித்தான். அறுத்த உடலத்தை 2 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட குளிரில் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிடும்போது தசையில் லாக்டிக் அமிலம் ஊறி, முதுகுத் தசையின் நடுவே அமிலகாரக் குறியீடு 6க்குக் கீழே இறங்குகிறது. அந்த அமிலத்தில் நச்சுயிரி அழிந்துவிடும். அமிலம் சென்று சேராத இடங்கள் எலும்பு மச்சையும் நிணநீர்க் கணுக்களும் ஆதலால் அவை நீக்கப்பட்டு, எஞ்சிய தசை உறைய வைக்கப்பட்டு அட்டைப் பெட்டிகளில் கப்பலேறுகிறது. உறைந்த இறைச்சி மலிவாகவும், குளிர்நிலையில் மட்டும் வைத்த எலும்புள்ள இறைச்சி விலை உயர்வாகவும் விற்கும் சந்தையில், இந்தியத் தொழில் எப்போதும் முதல் வகையோடே நின்றுபோவதற்கு இதுவே காரணம்.

மலிவை மட்டும் நம்பிய இடமும் இனி உறுதியானதன்று. ஏற்றுமதியின் உச்ச ஆண்டுகளில் வியட்நாம் வாங்கிய சரக்கில் பெரும்பகுதி எல்லை கடந்து சீனாவுக்குச் சென்றது. சீனா எல்லைக் கடத்தலை இறுக்கியதும் அந்த வழி சுருங்கியது. 2016இல் இந்திய எருமை இறைச்சிக்குக் கதவு திறந்த இந்தோனேசியா ஓரளவு ஈடு செய்தது. இப்போதைய போட்டியோ பிரேசிலிலிருந்து வருகிறது. 2006இல் தன் கடைசிக் கோமாரிப் பரவலைக் கண்ட அந்நாடு பல்லாண்டுகள் விடாமல் தடுப்பூசி போட்டு, 2018இல் தடுப்பூசியுடன் நோயற்ற நாடு என்றும், 2025 மே மாதத்தில் தடுப்பூசி தேவைப்படாத நோயற்ற நாடு என்றும் உலக விலங்கு நல அமைப்பின் ஏற்பைப் பெற்றுவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் வியட்நாம் பிரேசில் மாட்டிறைச்சிக்குத் தன் சந்தையைத் திறந்தது. இந்தியாவின் முதன்மை வாடிக்கையாளர் வீட்டிலேயே நோயற்ற நாட்டின் சரக்கு வந்து இறங்குமானால், எஞ்சியிருக்கும் மலிவுக்கும் எத்தனை நாள் பலன் இருக்கும் என்பதைத் தொழில்துறை தன் கணக்கிலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.

இதற்கான மாற்று, கொள்கை அளவில் வகுக்கப்பட்டுவிட்டது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் குறிவைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு சுற்றுத் தடுப்பூசி, ஒவ்வொரு விலங்கின் காதிலும் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட வில்லை, 2030க்குள் ஒழிப்பு என்பன அதன் வரையறைகள். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நோயற்றதாக ஆவது இயலாது என்பதால், நோயற்ற மண்டலங்களைத் தனித்தனியே உருவாக்கும் நோக்கில் முன்னேறிய நிலையில் உள்ளனவாக ஒன்றிய அரசு குறிப்பிட்ட ஒன்பது மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. மண்டலம் என்பது வரைபடத்தில் கோடு போட்டால் வந்துவிடுவதன்று. தடுப்பூசியுடன் நோயற்ற நிலை என்னும் ஏற்பைப் பெற, 24 மாதம் நோய்ப் பரவல் இல்லை என்பதற்கும், 12 மாதம் நச்சுயிரி சுற்றிவரவே இல்லை என்பதற்கும் சான்று வேண்டும். பின்னதற்கு இரத்த மாதிரிகளைச் சோதித்து, தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளையும் உண்மை நோயால் வந்த எதிர்ப்பொருளையும் பிரித்தறிய வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் இந்த உரைக்குள் வருகின்றன. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டம் எருமைக்குப் பெயர் பெற்றதன்று. தமிழ்நாட்டிலேயே எருமைகள் 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.8 லட்சமாக இருந்து 2019இல் 5.19 லட்சமாகக் குறைந்துவிட்டன. சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் வட்டாரத்துத் தொழுவங்களை நிறைப்பவை கலப்பினக் கறவை மாடுகளே. ஆனால் கோமாரி நச்சுயிரி எருமைக்கும் பசுவுக்கும், வெள்ளாட்டுக்கும் பன்றிக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. மலைமேல் ஒரு பட்டியில் வாய்ப்புண்ணும் குளம்புப் புண்ணுமாக நிற்கும் நாட்டுமாடு, மாநிலம் முழுவதும் எடுத்த சான்றைக் குலைத்துவிடப் போதுமானது.

கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்கு ஏறும் தடுப்பூசிக் குழுவின் வேலையை அருகிருந்து பார்த்தால் இடர் எங்கே என்பது விளங்கும். எண்ணெயில் குழைத்த தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும். சூடேறினால் வீரியம் குன்றும், ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி உறைந்துவிட்டாலோ குழைவு பிரிந்து அந்தக் குப்பியே பயனற்றுப்போகும். மலைவாழ் மலையாளி மக்களின் மாடுகள் பொழுது புலர்ந்ததும் காட்டுக்கு மேய்ச்சலுக்குப் போய்விடுவன. பலவற்றுக்கு மூக்கணாங்கயிறும் இல்லை, அடைத்து நிறுத்தக் கம்பிக் கூண்டும் இல்லை. விடியுமுன் பட்டியில் நின்று மாடு பிடித்துத் தருபவர் அவ்வூர்க்காரராக இல்லாவிட்டால், கழுத்துத் தசையில் ஆழமாகச் செல்ல வேண்டிய 2 மில்லி மருந்தில் பாதி தோலுக்கு வெளியே வழிந்துவிடும். சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்கு மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் ஒரு கால்நடை பராமரிப்பு உதவியாளரே. ஏற்றுமதிக்கான பன்னாட்டுச் சான்றில் அவர் பெயர் எங்கும் வராது.

சமவெளியில் தடை வேறு வகையானது. ஊசி போட்டால் பால் குறையும், சினை கலையும், காதுவில்லை மாட்டினால் காது புழுத்துவிடும் என்னும் அச்சங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பால் சில நாட்கள் சற்றுக் குறைவது உண்டு. கிருமிநீக்கம் செய்யாமல் குத்திய வில்லையால் காது புண்ணாவதும் உண்டு. நாள்தோறும் பால் ஊற்றிய கணக்கில் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தச் சில நாட்களின் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது, கோமாரி வந்தால் நேரும் இழப்போ வந்த பிறகே தெரிகிறது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல நேரம் இல்லாத குழு, இலக்கை எட்டுவதற்காக ஊசி போடாத மாட்டையும் போட்டதாகத் தடுப்பூசிப் பதிவுச் செயலியில் ஏற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. ஊசி போடப்படாத மாடு ஒன்றைவிடப் பொய்யாகப் பதியப்பட்ட ஒன்று அதிகத் தீங்கு செய்யும். முன்னதை அடுத்த சுற்றில் தேடிச் செல்லலாம், பின்னதைத் தேட எவருக்கும் தோன்றாது.

ஏற்றுமதி ஆலைகள் உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் இருக்க, ஏற்றுமதிக்கான சுமை மட்டும் கள்ளக்குறிச்சி மருந்தகங்கள் மீது ஏன் விழ வேண்டும் என்னும் கேள்வி துறைக்குள் எழுவது இயல்பே. ஆனால் கோமாரியால் பால் வற்றுவதும், உழவு மாடு ஏர் இழுக்க மாட்டாமல் நிற்பதும், இளங்கன்று இதயத் தசை நலிந்து இறப்பதும் இம்மாவட்டத்து வீடுகளின் இழப்புகளே. 2013இல் தென்மாநிலங்களைத் தாக்கிய பரவலின்போது களத்தில் நின்றவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. மேலும், இத்தகைய வேலை முடியாததன்று என்பதற்கும் சான்று இங்கேயே உண்டு. வெக்கை நோய் என்று உழவர்கள் அஞ்சிய மாட்டுக் கொள்ளைநோயின் இந்தியக் கடைசிப் பரவல் 1995இல் பழைய வடஆர்க்காட்டில்தான் பதிவாயிற்று. 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் அந்நோயிலிருந்து விடுபட்டன. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் காக்கும் ஊசி அதற்குக் கிடைத்திருந்தது, மூன்று வகை நச்சுயிரிக்கு எதிராக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய கோமாரி ஊசி அவ்வளவு எளிதன்று என்பது உண்மை. அதனாலேயே இங்குச் சுற்று தவறக் கூடாது.

கல்வராயன் மலைத்தொடர் கள்ளக்குறிச்சி, சேலம் ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைக்குள்ளும் பரந்து கிடக்க, மேய்ச்சல் மாடுகளும் சந்தைக்குப் போகும் மாடுகளும் அந்த எல்லையை அறியாமல் கடக்கின்றன. ஆகவே வெள்ளிமலைப் பக்கமும் கருமந்துறைப் பக்கமும் சுற்று ஒரே வாரத்தில் நடக்குமாறு இரு மாவட்டத் துறையினரும் நாள் குறித்துக்கொள்ள வேண்டும். மாடு பிடித்துத் தரும் ஊர் இளைஞர்களுக்கு அன்றாடக் கூலி திட்டச் செலவிலேயே சேர்க்கப்பட வேண்டும். இரு மாவட்டங்களின் சந்திப்பான தலைவாசல் கூட்டுரோட்டில் 2021இல் திறக்கப்பட்ட கால்நடை உயராய்வு நிலையமும் கல்லூரியும் சுற்று முடிந்த மலைக்கிராமங்களில் இரத்த மாதிரி எடுத்து, செயலியில் ஏறிய எண்ணிக்கையைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். வாரச்சந்தைக்கு வரும் மாட்டின் காதுவில்லை எண்ணை நுழைவிடத்திலேயே பார்ப்பது இதோடு சேர்ந்த கடமை. களத்தில் நிற்கும் ஒவ்வொரு கால்நடை மருத்துவரிடமும் இவ்விதழ் வேண்டுவது இதுதான்: அடுத்த சுற்றில் ஊசி ஏறாத எந்த மாட்டின் எண்ணும் செயலியில் ஏற வேண்டாம், விடுபட்டவை எத்தனை என்பது மறைக்கப்படாமல் மேலிடத்துக்குப் போகட்டும்.