வாரம் ஒரு நுட்பம்: நடுக்கோடு யாருக்குச் சொந்தம்?

மக்களே, போன வாரம் பட்டன் பார்த்தோம். இந்த வாரம், விண்டோவை ரெண்டாப் பிரிக்கிற அந்த நடுக்கோடு. இடப்பக்கம் கோப்புப் பட்டியல், வலப்பக்கம் கோப்பு. மவுஸால இழுத்தா ஒண்ணு சுருங்கும், இன்னொண்ணு விரியும். அல்ப விஷயம்தான். ஆனா எங்க புராஜெக்ட்ல நாள் முழுக்கத் தமிழ் ஒலிப்பதிவைக் கேட்டு டைப் பண்றவங்களுக்கு அப்படி இல்லை. தமிழ்ல வெச்ச கோப்புப் பேர் எல்லாம் நீளம். பட்டியல் குறுகினா எல்லாப் பேரும் ஒரே மாதிரி தெரியும். தப்பான கோப்பைத் திறந்து அரை நாள் உழைப்பு வீணாகும்.

கோட் எழுதறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கங்க.

1. விண்டோ பெருசானா கூடுதல் இடம் யாருக்கு? ஜாவா ஸ்விங்கோட ஜேஸ்பிளிட்பேன்ல 'ரிசைஸ் வெயிட்'னு ஒண்ணு இருக்கு. இயல்பா அது 0. அதாவது மொத்த இடமும் வலப்பக்கத்துக்கு. 1 கொடுத்தா இடப்பக்கத்துக்கு, 0.5 கொடுத்தா பாதிப் பாதி. பட்டியலும் கோப்பும்னா 0 போதும்.

2. எதுவரைக்கும் சுருங்கலாம்? ஸ்விங்ல உள்ளே இருக்கற பொருளோட மினிமம் சைஸைத் தாண்டி மவுஸால இழுக்க முடியாது. ஜேலேபிள்ல பெரிய படம் வெச்சா அதோட மினிமமும் படத்தோட அளவுதான், கோடு அசையாது. கியூட்டி நேர் எதிர். கியூஸ்பிளிட்டர்ல ஒரு பக்கத்தை முழுசா இழுத்து மூடிடலாம். வேண்டாம்னா நாமதான் தடுக்கணும். 'பட்டியலைக் காணோம்'னு யாராவது அலறினா முதல்ல இதைப் பாருங்க. மினிமத்தை 150 பிக்சல்னு ஆணி அடிக்காம எழுத்தோட அளவை வெச்சுக் கணக்குப் போடுங்க. கண் மங்கினவங்க எழுத்தைப் பெருசாக்குவாங்க இல்லையா?

3. நேத்து வெச்ச இடம் இன்னைக்கும் இருக்குமா? கியூட்டில சேவ்ஸ்டேட், ரிஸ்டோர்ஸ்டேட் இருக்கு. ஸ்விங்ல கோடு நிக்கற எண்ணை நாமே சேமிச்சு வெக்கணும். 0.3 மாதிரி விகிதமாக் கொடுக்கறதா இருந்தா, விண்டோ திரைக்கு வந்தப்புறம் கொடுங்க. முன்னாடியே கொடுத்தா பிழைச்செய்தி கூட வராது, சும்மா பலிக்காமப் போயிடும்.

கொசுறு: மவுஸ் பிடிக்க முடியாதவங்களுக்கு ஸ்விங்ல எஃப்8 விசை இருக்கு. அதை அழுத்திட்டு அம்புக்குறி விசையால கோட்டை நகர்த்தலாம். அந்த விசையை வேற வேலைக்குப் பிடுங்கிடாதீங்க :-)

முதல் நாள் கோடு எங்க நிக்கணும்னு நாம முடிவு பண்ணலாம். ரெண்டாவது நாள்லேருந்து அது அங்க உக்காந்து வேலை பாக்கறவங்க சொத்து.

அடுத்த வாரம் மெனு. வர்ட்டா!